தளம் முடங்கிய நேரத்தை யார் கணக்கெடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று இணையதளம் திறக்கவில்லை என்ற புகார் தங்கள் வாசகர் பகுதியில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதற்கு அலுவலகங்கள் தரும் பதிலும் மாறுவதில்லை: தளம் சரியாக இயங்குகிறது, உங்கள் இணைப்பைச் சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 15 அன்று வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய முயன்ற பலர் தளம் திணறுகிறது என்று முறையிட்டபோது, தளம் நன்றாகவே இயங்குகிறது, உலாவி சேர்த்துவைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளான கேச்சை நீக்கிவிட்டோ வேறு உலாவியிலோ முயன்று பாருங்கள் என்றே துறையும் சமூக ஊடகத்தில் அறிவித்தது. பிறகு அன்று இரவே கெடு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. இதில் யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இத்தகைய தகராறு எழும்போது இரு தரப்பும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பதிவேடு பொதுவில் இருக்க வேண்டும், அதை வைத்துக்கொள்வது பெரிய செலவோ வித்தையோ அல்ல என்பதை மட்டும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியின் கணினி மையத்துக்கு நான் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று எண்ண வேண்டாம். பிரின்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாணவர் சேர்க்கைத் தளமும் தேர்வு முடிவுப் பக்கமும் தளங்களுக்கு வாடகைக்கு இடம் தரும் ஒரு வெளி ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. நூலகப் பட்டியலும் வருகைப் பதிவும் வளாகத்துக்குள்ளேயே, என் அறையை ஒட்டிய சிறு அறையில், இரண்டு சர்வர்களில் ஓடுகின்றன. இவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் வேலையை 2022 முதல் ஒரு பழைய கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

இந்த வேலை புதியதல்ல. வலையமைப்பில் மறுமுனையில் இருக்கும் கணினி பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் ‘பிங்’ என்ற சிறு நிரலை மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியே அதற்குப் பெயராயிற்று. 1999இல் ‘நெட்செயின்ட்’ என்ற பெயரில் வெளிவந்து பின்னர் ‘நாகியோஸ்’ ஆன மென்பொருளும், லாட்வியாவில் பிறந்த ‘ஜாபிக்ஸ்’ மென்பொருளும் பெரிய நிறுவனங்களின் சர்வர் அறைகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காவல் காத்துவருகின்றன. ஆனால் அவற்றை நிறுவிப் பழகத் தனியாக ஓர் ஆள் வேண்டும். 2021இல் வெளியான ‘அப்டைம் கூமா’ என்ற கட்டற்ற மென்பொருள்தான் என்னைப் போன்ற ஒற்றை ஆளுக்கு வழிவிட்டது. கூமா என்றால் ஜப்பானிய மொழியில் கரடி. உரிமக் கட்டணம் கிடையாது. பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிவைத்த கம்ப்யூட்டரோ உள்ளங்கை அளவிலான ‘ராஸ்பெர்ரி பை’ என்ற சிறு கணினியோ போதும். நம்மிடமுள்ள இயந்திரத்தில் நாமே நிறுவிக்கொள்ளலாம்.

அது செய்வது இவ்வளவுதான். நாம் கொடுத்த முகவரியை நிமிடத்துக்கு ஒருமுறை, தேவையென்றால் இருபது வினாடிக்கு ஒருமுறை, ஒரு சாதாரண வாசகரைப் போலத் திறந்து பார்க்கும். ஒழுங்காகத் திறந்தால் திரையில் ஒரு பச்சைக் கோடு விழும். திறக்காவிட்டால் சிவப்புக் கோடு. கூடவே டெலிகிராமிலோ மின்னஞ்சலிலோ எனக்கு ஒரு செய்தி. ஒருமுறை தவறியதும் அலறாமல் மூன்று முறை முயன்று பார்த்த பிறகே சொல் என்றும் அதற்குக் கற்பிக்கலாம். அப்படிச் செய்யாத முதல் வாரத்தில் நள்ளிரவுச் செய்திகளால் வீட்டில் எனக்குக் கிடைத்த பெயரை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் தேதி, நேரம், பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்ற விவரம் சேர்ந்துகொண்டே போகும். நான் சொல்லும் பதிவேடு இதுதான்.

இதை நிறுவிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நானும் நம்பியிருந்தேன். 2023 ஜூனில் ஒரு சனிக்கிழமை, மாணவர் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். இரவு 7.40க்கு ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு தந்தை கூப்பிட்டார். “சார், எல்லாம் டைப் பண்ணி, மார்க் ஷீட்டும் ஏத்தியாச்சு. சமர்ப்பின்னு அழுத்தினா அரை மணி நேரமா சுத்திக்கிட்டே இருக்கு” என்றார். என் திரையைப் பார்த்தேன். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை, பச்சையோ பச்சை. ஆகவே நானும் அலுவலகங்கள் சொல்லும் அதே பதிலைச் சொன்னேன்: தளம் நன்றாக இருக்கிறது, உங்கள் நெட்டைப் பாருங்கள். அடுத்த கால் மணி நேரத்தில் இன்னும் நான்கு அழைப்புகள் வந்த பிறகுதான் சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். மாணவர்கள் ஏற்றிய மதிப்பெண் சான்றிதழ் நகல்களால் சர்வரின் சேமிப்பு வட்டு நிரம்பி, விண்ணப்பங்களைப் பதிந்துவைக்கும் தரவுத்தளம் ஒரு வரியைக்கூட எழுத இடமில்லாமல் நின்றிருந்தது. கடைசியாகப் பதிவான விண்ணப்பத்தின் நேரம் மாலை 5.52. முகப்புப் பக்கமோ எந்தக் குறையுமின்றித் திறந்துகொண்டிருந்தது. கூமாவை நான் பார்க்கச் சொல்லியிருந்ததும் அந்த முகப்பைத்தான்.

மறுநாள் முதல்வரிடம் கெடுவை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கப் போனேன். மறுக்கவில்லை, ஆனால், “எத்தனை மணி நேரம் நின்றது என்று எழுத்தில் கொடுங்கள்” என்றார். நியாயமான கேள்வி. என் கையிலிருந்த பதிவேட்டின்படி சனிக்கிழமை அன்று தளம் நூற்றுக்கு நூறு இயங்கியிருந்தது! தரவுத்தளத்தின் பிழைப் பதிவைத் தோண்டியெடுத்து, விண்ணப்பம் வராத இடைவெளியைக் கைக்கணக்காகப் போட்டுக் கொடுத்து ஒரு நாள் நீட்டிப்பு வாங்கினோம். இடையில் அலுத்துப்போய் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆகவே கண்காணிப்பு என்று ஒரு நிறுவனம் சொன்னால் எதைக் கண்காணிக்கிறீர்கள் என்று கேட்பது அவசியம். சர்வர் ‘200’ என்ற குறியீட்டைத் திருப்பி அனுப்பினால் அது பதில் தந்தது என்று மட்டுமே பொருள். மாணவரின் காரியம் முடிந்தது என்று பொருளல்ல. கடைக்கதவு திறந்திருக்கிறது, கல்லாவில் ஆளில்லை என்ற கதைதான். இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘சோதனை மாணவர்’ என்ற பெயரில் ஒரு விண்ணப்பத்தை முழுதாக நிரப்பி, ஒரு சிறு படத்தை ஏற்றி, சமர்ப்பித்து, விண்ணப்ப எண் வருகிறதா என்று பார்த்து, பின் அதை அழிக்கும் ஒரு சிறு நிரலை எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் கூடிவந்தால்தான் அந்த நிரல் கூமாவுக்கு ‘நலம்’ என்று ஒரு குறிப்பை அனுப்பும். குறித்த நேரத்தில் குறிப்பு வராவிட்டால், காரணம் எதுவாயினும் சிவப்புதான். தினமும் இரவு எடுக்கும் பேக்கப்புக்கும் இதே ஏற்பாடு செய்திருக்கிறேன். பேக்கப் தோற்றால் சொல் என்பதைவிட, முடிந்தால் சொல், சொல்லாவிட்டால் நான் வந்து பார்க்கிறேன் என்பது பாதுகாப்பானது.

இரண்டாவது பாடம் மின்வெட்டில் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வளாகத்தில் மின்சாரம் போனது. கண்காணிக்கும் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. மோடம் மட்டும் அணைந்துவிட்டது. வெளியுலகம் முழுதும் இறந்துவிட்டதாக அது முடிவுகட்டி, எல்லாத் தளங்களுக்கும் இரண்டு மணி நேரம் சிவப்புக் கோடு போட்டுவைத்தது. எனக்குச் செய்தி அனுப்பவும் அதற்கு இணைப்பில்லை. சேர்க்கைத் தளமோ அந்த இரண்டு மணி நேரமும் ஒழுங்காகத்தான் இயங்கியிருக்கிறது. செய்தி வராததை நலம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பதிவேட்டில் பொய் ஏறியிருந்தது. அதன் பிறகு நண்பர் ஒருவரின் வீட்டில், வேறு நிறுவனத்தின் இணைப்பில், ஒரு ராஸ்பெர்ரி பையில் இரண்டாவது கூமாவை வைத்தோம். இரண்டும் ஒன்றையொன்றும் பார்த்துக்கொள்கின்றன. இரண்டு பதிவேடுகளும் ஒத்துச் சொன்னால்தான் தளம் முடங்கியதாகக் கணக்கு.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பெரிய நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, ஓர் ஊழியர் கட்டளையொன்றைத் தவறாக உள்ளிட்டதால் வடக்கு வர்ஜீனியாவில் முடங்கியது. சேவைகளின் நிலையை உலகுக்குக் காட்டும் பலகையை இயக்கும் பகுதியும் அதே எஸ்3ஐ நம்பியிருந்ததால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அந்தப் பலகையை மாற்றவே அவர்களால் முடியவில்லை என்று நிறுவனமே பின்னர் விளக்கம் தந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமற்போனபோது, கோளாறைக் கண்டறியப் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் உள் கருவிகளும் அதே வலையமைப்போடு சேர்ந்து செயலிழந்தன. காவல்காரரைக் காவல் காக்கப்படும் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டக் கூடாது என்பதற்கு இவற்றைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. எனவே ஒரு துறையின் தளம் இயங்குகிறதா நிற்கிறதா என்று காட்டும் நிலவரப் பக்கம் அந்தத் தளம் உள்ள சர்வரிலோ, முடிந்தால் அதே தரவு மையத்திலோகூட இருக்கக் கூடாது.

சதவீதக் கணக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஹோஸ்டிங் ஒப்பந்தத்தில் மாதத்துக்கு 99.5 சதவீத நேரம் தளம் இயங்கும் என்று உறுதி தரப்பட்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. 30 நாள் மாதத்தில் மீதமுள்ள அரைச் சதவீதம் என்பது 3 மணி 36 நிமிடம். அந்த நேரம் விடியற்காலை இரண்டு மணிக்குப் போனால் யாருக்கும் தெரியாது. கடைசி நாள் மாலை ஆறு மணிக்குப் போனால் ஒரு மாணவருக்கு ஓராண்டு போகும். ஒப்பந்தத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 99.9 சதவீதம் என்றால் 43 நிமிடம் 12 வினாடி. அதற்கும் இதே குறை உண்டு. அதோடு, தளம் எத்தனை நேரம் நின்றது என்பதை அளந்து சொல்பவரும் சேவையை விற்பவரேதான். எடைக்கல்லும் தராசும் கடைக்காரருடையவையாக இருக்கையில் வாங்குபவர் எதை வைத்துக் கேள்வி கேட்பார்? எங்கள் இரண்டு பதிவேடுகளையும் அச்செடுத்து அனுப்பிய மாதத்தில்தான் அந்த நிறுவனம் முதன்முறையாகக் கட்டணத்தில் கழிவு தந்தது. தொகை சிறியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் அனுப்பிய கடிதங்கள் எதற்கும் பதில்கூட வந்ததில்லை.

இது உண்மையான தளம்தான் என்று உலாவிக்கு உறுதி சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவதும் முடக்கம்தான். சர்வர் நலமாக இருக்கும், உலாவி சிவப்பு எச்சரிக்கையைக் காட்டி மக்களைத் திருப்பி அனுப்பிவிடும். 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சேவையே இக்காரணத்தால் நின்றிருக்கிறது. ஏறக்குறைய 13 மாதம் வரை தரப்பட்டுவந்த சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும் 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் குறைப்பது என்று முடிவாகியிருக்கிறது. இலவசச் சான்றிதழ் வழங்கும் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’, காலாவதி நெருங்குவதை மின்னஞ்சலில் நினைவூட்டுவதை 2025 ஜூன் 4 உடன் நிறுத்திவிட்டது. ஆண்டுக்கொருமுறை நாட்காட்டியில் வட்டம் போட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் அலுவலகங்கள் இனி என்ன செய்யப்போகின்றனவோ தெரியவில்லை. கூமா போன்றவை 21, 14, 7 நாட்களுக்கு முன்பே சொல்லிவிடும்.

இதற்கென்றே வெளியில் சேவை நிறுவனங்கள் இருக்கும்போது நாமே ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சேவைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல நாடுகளிலிருந்து ஒரே சமயத்தில் பார்ப்பது என் அறையிலுள்ள கம்ப்யூட்டரால் ஆகாது. ஆனால் வளாகத்துக்குள் மட்டும் திறக்கும் நூலகப் பட்டியலையும் வருகைப் பதிவையும் வெளியிலிருந்து அவர்களால் பார்க்க இயலாது. அவர்கள் பார்ப்பதற்காக நாம் கதவைத் திறந்துவிடுவதும் நல்லதல்ல. இலவசத் திட்டங்கள் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கும், பழைய பதிவுகளைச் சில மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதுமில்லை. தகராறு வரும் நாளில் பதிவேடு நம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். வெளிச் சேவை ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் மூன்றாவது சாட்சி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

தளம் முடங்கும் நேரங்களை வெளியிட்டால் பாதுகாப்புக்கு ஆபத்து என்ற வாதத்தையும் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். விண்ணப்பத் தளம் இப்போது நிற்கிறது என்பது அதைத் திறக்க முயலும் ஆயிரம் பேருக்கு ஏற்கனவே தெரிந்த செய்தி. அறியாமல் இருப்பவர் பெரும்பாலும் அதை நடத்துபவர் மட்டும்தான். சர்வரின் முகவரி, மென்பொருளின் பதிப்பு, உள்ளே நடந்த கோளாறின் விவரம் ஆகியவற்றை மறைத்து, எந்தச் சேவை எப்போது முதல் எப்போது வரை நின்றது என்பதை மட்டும் காட்டும் பக்கத்தை கூமாவிலேயே தனியாக அமைக்க முடியும். உண்மையான தயக்கம் வேறு. தன் பிரிவின் தவறு நிமிடக் கணக்கில் பதிவாவதை எந்த அலுவலரும் விரும்புவதில்லை, நானும் விரும்பவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு வந்தது. வட்டு நிரம்புவதைப் பார்க்காதது என் தவறுதான் என்று எழுதிக் கொடுத்தேன். பொய்யான பச்சைக் கோட்டின் பின்னால் ஒளிந்துகொள்ள அன்று எனக்கு வாய்ப்பிருந்தது என்பதும் உண்மை.

ஆகவே இணையவழியாக மட்டுமே விண்ணப்பம் பெறும் தேர்வு அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றிடம் நான் வேண்டுவது இதுதான். முகப்புப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் விண்ணப்பம் சமர்ப்பித்து எண் கிடைக்கும் வரையிலான முழு வழியையும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களிலிருந்து சோதிக்கும் ஏற்பாட்டைச் செய்து, அதன் பதிவைத் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் கையில் விடாமல் துறையே வைத்துக்கொண்டு, மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கடைசி 48 மணி நேரத்தில் தளம் எத்தனை நேரம் நின்றதோ அத்தனை நேரமாவது கெடு தானாகவே நீளும் என்று அறிவிக்கையிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்போது நீட்டிப்புக்காக யாரும் மனுவோடு அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்காது. தளம் நன்றாகத்தான் இருக்கிறது என்று எந்த அலுவலரும் ஊகத்தில் பதில் சொல்லவும் வேண்டியிருக்காது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காத்திருக்கும் பெற்றோர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, காலையில் வரலாம் என்று வீட்டுக்குப் போக முடியும்.

எங்கள் கல்லூரியில் வரும் சேர்க்கைக் காலம் முதல் விண்ணப்பப் படிவத்தின் தலைப்பிலேயே இந்த நிலவரப் பக்கத்துக்கு இணைப்புத் தர முதல்வர் ஒப்புதல் அளித்திருக்கிறார். நீட்டிப்பு வரியைச் சேர்க்க நிர்வாகக் குழு இன்னும் இசையவில்லை. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பதிவேடுகளின் நகலையும் கேட்டிருக்கிறார்கள். இக்கடிதம் பிரசுரமானால் அதையும் இணைத்து வைப்பேன்.

கல்லூரியின் நலன் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
கணினி மையப் பொறுப்பாளர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.